அத்தியாயம் 6: டாக்டரைப் பார்க்கும் முன்பும் பார்த்த பின்பும்

டோக்கன் வாங்கி, கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருந்து, உள்ளே போனால் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் பிஎம்ஜே ஓப்பன் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. அதன்படி இந்தியாவில் ஒரு நோயாளிக்குப் பொது மருத்துவரிடம் கிடைக்கும் நேரம் சுமார் 2 நிமிடம். சுவீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். வாசலில் நூறு பேர் நிற்கும்போது டாக்டரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்க நினைத்த கேள்வி வீடு திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு அதை யாரிடம் கேட்பது?

பலர் இப்போது சாட்ஜிபிடி, ஜெமினி, வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் மெட்டா ஏஐ போன்ற சாட்பாட்களிடம் கேட்கிறார்கள். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. எத்தனை முறை கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை. இது நல்ல வசதிதான். அதைப் பத்திரமாகப் பயன்படுத்த ஒரே ஒரு விதியை மனதில் வைத்தால் போதும்: டாக்டரைப் பார்க்கும் முன்பு தயாராவதற்கும், பார்த்த பின்பு புரிந்துகொள்வதற்கும் சாட்பாட். என்ன நோய், எந்த மருந்து, எத்தனை வேளை என்ற முடிவு, உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவருடையது. இந்த அத்தியாயத்தில் உள்ளவை எல்லாம் அந்த விதியின் விரிவுதான்.

1. போனை எடுக்கும் முன்: இது அவசரமா?

சில அறிகுறிகள் வந்தால் எந்தச் சாட்பாட்டையும் திறக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கையில் கிடைக்கும் வண்டியில் கிளம்புங்கள்.

- நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, அதோடு வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி. வாயு என்று நினைத்து சோடா குடித்துக் காத்திருந்து நேரத்தை இழப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.
- ஒரு பக்கம் வாய் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, திடீரென்று பேச்சுக் குழறல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.
- மூச்சு விட முடியாமை, நினைவு தப்புதல், வலிப்பு, நிற்காத ரத்தப்போக்கு.
- பாம்புக்கடி, பூச்சிமருந்து அல்லது வேறு விஷம் உள்ளே போனது.
- கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, கண் மங்கலோடு கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது.
- மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல்.
- டெங்குக் காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், துவண்டு போதல். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள்.

அவசரமா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் மனிதரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

2. எதற்குக் கேட்கலாம், எதற்குக் கூடாது

கேட்கலாம்: ரிப்போர்ட்டில் உள்ள சொல்லுக்கு என்ன அர்த்தம், ஒரு பரிசோதனையை எதற்காக எடுக்கிறார்கள், வெறும் வயிற்றில் போக வேண்டுமா, டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்.

கூடாது: புதிதாக ஒரு மருந்தைத் தொடங்க, சாப்பிடும் மருந்தை நிறுத்த, அளவைக் கூட்டவோ குறைக்கவோ, குழந்தைக்கு எத்தனை மில்லி கொடுக்கலாம் என்று முடிவு செய்ய, இது சாதாரணம்தான் என்று சமாதானம் தேடி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட.

இந்த எல்லைக்கோடு சட்டப்படியும் உள்ளது. மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை வழங்கவோ மருந்து எழுதவோ அனுமதி இல்லை என்றே சொல்கின்றன. பதிவு பெற்ற மருத்துவருக்கு அவை துணை நிற்கலாம், அவ்வளவுதான்.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2025-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான ஒரு சம்பவம் போதும். 60 வயதுக்காரர் ஒருவர், உப்பின் கெடுதல்களைப் படித்துவிட்டு, உப்பில் உள்ள குளோரைடையே சாப்பாட்டிலிருந்து அகற்ற முடிவு செய்தார். சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பார்த்தவர், சமையல் உப்புக்குப் பதில் சோடியம் புரோமைடை இணையத்தில் வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்ற அச்சத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். இல்லாத குரல்கள் கேட்டன, இல்லாத உருவங்கள் தெரிந்தன. உடம்பில் புரோமைடு நஞ்சு ஏறியிருந்தது. மாற்று உப்பு சாப்பிடுவதை அவர் முதலில் டாக்டர்களிடம் சொல்லவும் இல்லை. பிறகு அந்த டாக்டர்களே சாட்பாட்டிடம் குளோரைடுக்குப் பதில் என்ன பயன்படுத்தலாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். பதிலில் புரோமைடு இருந்தது. ‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ என்ற எதிர்க்கேள்வி இல்லை. ஒரு டாக்டரோ, மருந்துக்கடைக்காரரோ, செவிலியரோ முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

3. கேள்வியை எழுதும் முறை

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 1,298 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். நோய்ச் சூழல் ஒன்றின் முழு விவரத்தையும் நேரடியாகச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தபோது, ஏறக்குறைய 95 சதவீதத் தடவை பொருத்தமான நோயை அது குறிப்பிட்டது. அதே சூழலை மக்கள் தங்கள் சொற்களில் சாட்பாட்டிடம் பேசித் தெரிந்துகொள்ள முயன்றபோது, பொருத்தமான நோயைச் சொன்னவர்கள் 35 சதவீதத்துக்கும் குறைவு. சாட்பாட் இல்லாமல் வழக்கமான வழியில் தேடியவர்களைவிட இவர்கள் மேலாகச் செய்யவில்லை. பலர் பாதி விவரத்தையே கொடுத்தார்கள். வந்த பதிலில் எதைப் பிடித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. அறிவு இயந்திரத்திடம் இருந்தாலும், அது நம்மிடம் வந்து சேர்வது நாம் கேட்கும் விதத்தில் இருக்கிறது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்குக் கால் வீங்குகிறது. ‘கால் வீக்கம் எதனால் வருகிறது?’ என்று கேட்டால் உப்பு முதல் புற்றுநோய் வரை இருபது காரணங்கள் வரும். படித்து முடிக்கும்போது பயம் மட்டும் மிஞ்சும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“வயது 62, பெண். 8 வருடமாகச் சுகர், 5 வருடமாகப் பிரஷர். மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும். அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வந்தார், ஒரு மாதம் முன்பு 10 மி.கி. ஆக்கினார்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரை, வாரம் இரண்டு நாள். மூன்று வாரமாக இரண்டு கணுக்காலும் சாயங்காலம் வீங்குகிறது, காலையில் வற்றிவிடுகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. நடந்தால் மூச்சு வாங்கவில்லை, படுத்தால் மூச்சு முட்டவில்லை. சிறுநீர் வழக்கம்போல் போகிறது. பதில் சொல்லும் முன், உனக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று கேள். பிறகு, என்னென்ன காரணங்கள் இருக்கலாம், எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், டாக்டரிடம் எந்த மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்.”

இந்தக் கேள்வியில் கவனிக்க வேண்டியவை:

- வயது, பழைய நோய்கள், எல்லா மருந்துகளும் இருக்கின்றன. நாட்டு மருந்து, சித்த மருந்துச் சூரணம், சத்து மாத்திரை, கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை எதையும் விடக் கூடாது.
- எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று இருக்கிறது. அதற்குச் சற்று முன் என்ன மாறியது என்பதும் இருக்கிறது.
- இல்லாத அறிகுறிகளும் சொல்லப்பட்டிருக்கின்றன.
- நோயின் பெயரை நாமாக வைக்கவில்லை. ‘வாயுத்தொல்லைக்கு என்ன செய்யலாம்?’ என்று கேட்டால் அது வாயுவுக்கே வழி சொல்லும். ‘மேல்வயிற்றில் வலி, மாடிப்படி ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது’ என்று நடந்ததைச் சொன்னால் இதயத்தைப் பற்றியும் யோசிக்கும்.
- ‘பயப்பட ஒன்றும் இல்லைதானே?’ போன்ற வாலும் இல்லை. சாட்பாட்டுக்குக் கேட்பவரின் பக்கமே சாயும் பழக்கம் உண்டு. நாம் ஆறுதலைத் தேடினால் ஆறுதலைத் தரும், அச்சத்தோடு கேட்டால் அச்சத்தை வளர்க்கும்.

4. பதிலைப் படிக்கும் முறை

சாட்பாட் சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் ஒரே உறுதியோடுதான் பேசும். குரலை வைத்து நம்பகத்தன்மையை எடைபோட முடியாது. எனவே கீழ்க்கண்டவற்றைச் சரிபாருங்கள்.

அலகு. நம் ஊர் லேப்கள் சுகரை மி.கி./டெ.லி. அலகில் தருகின்றன. பிரிட்டன் போன்ற நாடுகளில் அதே சுகர் மில்லிமோல் கணக்கு. நமக்கு 126 என்பது அங்கே 7. கிரியேட்டினின் இங்கே 1.0 என்றால், மைக்ரோமோல் கணக்கில் அது 88. அலகு எழுதாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் பதில் தடம் புரளும். லேப் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சாகியிருக்கும் இயல்பு வரம்பையும் சேர்த்தே எழுதுங்கள். போட்டோ எடுத்து அனுப்பினால், அது படித்த எண்களை முதலில் திருப்பிச் சொல்லச் சொல்லி, புள்ளி இடம் மாறவில்லையா என்று ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்.

மருந்தின் பெயர். அமெரிக்கத் தகவல்களில் அசிட்டமினோஃபென் என்று வருவது நம் பாராசிட்டமால்தான். டோலோ, கால்பால், குரோசின் எல்லாவற்றிலும் இருப்பது அதுவே. சளி, காய்ச்சலுக்கென்று விற்கும் பல கூட்டு மாத்திரைகளிலும் அது இருக்கிறது. தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடி ஈரல் பாதிக்கப்படும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டால் ஏறக்குறைய அதைத் தொட்டுவிடும். ஈரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் அந்த அளவை நெருங்கவே கூடாது.

ஆதாரம். ‘இது எந்த வழிகாட்டுதலில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். கொடுக்கும் இணைப்பைத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு. திறக்காத இணைப்பை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுகேள்வி. புதிய உரையாடல் ஒன்றைத் தொடங்கி, அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள். இரண்டு பதிலும் முரண்பட்டால், அந்த விஷயம் டாக்டரிடம் போக வேண்டியது என்று பொருள்.

5. டாக்டர் முன்னால்

கிடைக்கும் இரண்டு நிமிடத்தை இருமடங்காக்க ஒரு தாள் போதும். சாட்பாட்டிடம், ‘நான் சொன்ன எல்லாவற்றையும் டாக்டர் அரை நிமிடத்தில் படிக்கும்படி சுருக்கி எழுது’ என்று கேளுங்கள். அதை நீங்களே ஒரு தாளில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே தவறு கண்ணில் படும், விஷயமும் மனதில் நிற்கும். மேலே முக்கியத் தொந்தரவும் எத்தனை நாளாக என்பதும். நடுவில் மருந்துப் பட்டியல், ஒவ்வாமை. கீழே மூன்று கேள்விகள்.

கால் வீக்கத்துக்கு அம்மாவை அழைத்துப் போன மகன் இப்படிப் பேசலாம்:

“டாக்டர், அம்மாவுக்கு மூணு வாரமா ரெண்டு கணுக்காலும் சாயங்காலம் வீங்குது, காலையில வத்திடுது. போன மாசம் அம்லோடிபினைப் பத்து ஆக்கினீங்க, அதுக்கப்புறம்தான் ஆரம்பம். மூட்டுவலிக்குக் கடை மாத்திரையும் போடுறாங்க. மாத்திரையால வருமா, இல்ல கிட்னி, ஹார்ட் பார்க்கணுமா?”

“காலை நீட்டுங்கம்மா.” டாக்டர் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுக்கிறார். பள்ளம் விழுகிறதா, எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்க்கிறார். கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்கிறார், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைக்கிறார். “படுத்தா மூச்சு முட்டுதாம்மா?”

“இல்லைங்க டாக்டர்.”

“அந்த வலி மாத்திரையை முதல்ல விடுங்க. கிரியேட்டினினும் யூரினும் பார்த்துட்டு, பிரஷர் மாத்திரையை மாத்தலாமான்னு சொல்றேன். அதுவரைக்கும் நீங்களா நிறுத்திடாதீங்க.”

அம்லோடிபின் அளவு கூடும்போது கணுக்கால் வீங்குவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. சாட்பாட்டும் அதைச் சொல்லியிருக்கும். ஆனால் வலி மாத்திரையும் உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். வீக்கத்துக்கு இதயமும் காரணமாக இருக்கலாம். இவற்றில் எது என்று பிரித்தறிய அந்தக் கட்டைவிரலும் ஸ்டெதஸ்கோப்பும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். பதிலைப் படித்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே நிறுத்தியிருந்தால், வீக்கம் வற்றியிருக்கும், பிரஷர் எகிறியிருக்கும்.

ஏஐயில் கேட்டதை மறைக்கவும் வேண்டாம், டாக்டர் முன் தீர்ப்பாக வைக்கவும் வேண்டாம். “நெட்டில் இப்படிப் பார்த்தேன் டாக்டர், அம்மாவுக்கு அது பொருந்துமா?” என்று கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் பதில் சொல்வார். அது சொன்னதை நம்பி ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டிருந்தால், அதை முதலில் சொல்லுங்கள்.

6. வீடு திரும்பிய பிறகு

சீட்டில் உள்ள குறியீடுகளைப் புரிந்துகொள்ளச் சாட்பாட் நன்றாக உதவும். 1-0-1 என்றால் காலை, இரவு. ஓடி என்றால் ஒரு வேளை, பிடி இரு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, எச்எஸ் படுக்கப் போகும்போது, எஸ்ஓஎஸ் தேவைப்பட்டால் மட்டும். ஆனால் கையெழுத்துப் புரியாத சீட்டைப் போட்டோ எடுத்து அதனிடம் படிக்கக் கொடுக்காதீர்கள். ஒரே எழுத்து மாறினால் வேறு மருந்தாகிவிடும் பெயர்கள் நிறைய. மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டிடம் கேளுங்கள், அவருக்கும் சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

அட்டையில் உள்ள ஜெனரிக் பெயரை, அதாவது கம்பெனிப் பெயரை அல்லாமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, பார்த்துத் தட்டச்சு செய்து இவற்றைக் கேளுங்கள்: இது எதற்கான மருந்து? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? எந்தப் பக்கவிளைவு வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்? முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மாத்திரைகள் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் உள்ளதும் சாட்பாட் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால், அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடமோ பார்மசிஸ்ட்டிடமோ கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதே பெரியவர் தனியார் மருத்துவரிடமும் காட்டி, கடையில் கம்பெனிப் பெயரில் மாத்திரை வாங்குகிறார். அட்டையின் நிறமும் பெயரும் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. இரட்டிப்பு அளவு போய்விடுகிறது. வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஜெனரிக் பெயர்களைப் பட்டியலிட்டு, ‘இதில் எது இரண்டு முறை வருகிறது? எது எதோடு சேரக் கூடாது?’ என்று கேளுங்கள். வரும் பதிலை அப்படியே செயல்படுத்தாமல், பட்டியலோடு டாக்டரிடமோ பார்மசிஸ்ட்டிடமோ போங்கள்.

7. அந்தரங்கம்

டாக்டரிடம் சொல்வது அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். சாட்பாட் நிறுவனத்துக்கு அந்தக் கடமை அதே அளவில் இல்லை. நீங்கள் எழுதுவது அவர்கள் சர்வரில் சேமிக்கப்படலாம், அடுத்த மாடலைப் பயிற்றுவிக்கவும் பயன்படலாம். அமைப்புகளுக்குள் போய் அதற்கான அனுமதியை அணைத்துவையுங்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுக்கும் முன் பெயர், போன் எண், ஆதார் எண், மருத்துவமனைப் பதிவு எண், க்யூஆர் கோடு ஆகியவற்றின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மறையுங்கள். ‘62 வயதுப் பெண்’ என்பதே கேள்விக்குப் போதும்.

8. மனது கனக்கும்போது

தூக்கம் வராத இரவில் மனக்கவலையைச் சாட்பாட்டிடம் கொட்டுவோர் பெருகியிருக்கிறார்கள், முக்கியமாக இளைஞர்கள். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் மனிதர் பேசுவார், தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. அறைக்கு வெளியே இருக்கும் அம்மாவையோ நண்பரையோ எழுப்புங்கள். எழுப்பியதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வீட்டில் தொடர்ந்து மருந்து சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள்: வயது, நோய்கள், ஜெனரிக் பெயரோடு மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, கடைசியாக எடுத்த பரிசோதனை எண்கள் அலகோடு. சாட்பாட்டை வைத்தே அதை ஒழுங்குபடுத்தலாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது காட்டி, ‘இது சரிதானா?’ என்று கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். டாக்டர் பார்த்துத் திருத்திய அந்தத் தாளிலிருந்து கேட்டால், சாட்பாட்டின் பதிலும் உங்கள் வீட்டு மனிதருக்குப் பொருந்தியதாக வரும். அவசரத்தில் 108 ஊழியரிடம் நீட்டவும் அதே தாள்தான் உதவும். அதை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் வையுங்கள்.